உறுதியான தகவல்

2017ஆம் ஆண்டு அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் விஜயதசமி. அன்று இரவு வீட்டில் கொலுவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். மனைவி ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்துத் தர, நான் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவேன். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தும் தூங்கப் போகாத எட்டு வயது மகள், தசாவதார செட்டில் யார் முதலில் உள்ளே போக வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். மச்சம், கூர்மம், வராகம் வரை பெட்டிக்குள் போயாகிவிட்டது.

லாஸ் வேகாஸ் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அன்று முழுக்க அதில் பிக்பாஸ் சண்டை. முந்தின நாள் ஆரவ் ஜெயித்தது நியாயமா என்று ஆளுக்கு ஒரு தீர்ப்பு. இரவு பத்தேகாலுக்கு நடுவில் ஒரு வரி வந்தது: "ஸ்டிரிப் பக்கம் யாரும் போகாதீங்க, துப்பாக்கிச் சூடாம்." ஸ்டிரிப் என்பது இங்கே காசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் சாலை. அதற்குக் கீழேயும் இரண்டு பேர் ஆரவைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் எங்காவது யாராவது சுட்டுக்கொள்வது மாதம் ஒரு முறையாவது காதில் விழும் செய்தி.

அப்புறம் ஹெலிகாப்டர் சத்தம். எங்கள் வீடு ஸ்டிரிப்புக்குத் தெற்கே, சில்வராடோ ரான்ச் பகுதியில். சுடுவது கேட்கும் தூரம் இல்லை, சைரன் கேட்கும் தூரம். ஒன்று போய் ஓய்வதற்குள் அடுத்தது வந்தது. மகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு டிவியைப் போட்டோம்.

நடந்தது இன்று எல்லோருக்கும் தெரியும். மாண்டலே பே ஹோட்டலுக்கு எதிரே திறந்த வெளியில் மூன்று நாள் இசை விழாவின் கடைசி இரவு. சுமார் 22,000 பேர். ஜேசன் ஆல்டீன் பாடிக்கொண்டிருந்தபோது, 10.05க்கு, ஹோட்டலின் 32ஆவது மாடி ஜன்னலில் இருந்து சுட ஆரம்பித்தான் ஸ்டீபன் பேடக் என்ற 64 வயது ஆள். பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். அன்றைய கணக்கில் 58 பேர் இறந்தார்கள். அந்தக் காயங்களாலேயே 2019இலும் 2020இலும் இரண்டு பெண்கள் இறந்துபோக, கணக்கு 60 ஆனது. குண்டுக் காயம் பட்டவர்கள் மட்டும் 400க்கு மேல்.

ஆனால் அன்றிரவு பதினொரு மணிக்கு இதில் எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது தாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. போலீஸ் வயர்லெஸ்ஸைக் கேட்கும் ஆப் ஒன்று இருப்பதாக அலுவலக நண்பர் சொன்னார். இறக்கி, காதில் மாட்டிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்தேன். டிராபிகானா ஹோட்டலில் ஒருவன், நியூயார்க் நியூயார்க் ஹோட்டலில் ஒருவன், பெலாஜியோ ஹோட்டலில் சத்தம் கேட்டதாம் என்று வரிசையாக வந்தது. போலீஸ்காரர்கள் மூச்சு வாங்கப் பேசுகிறார்கள். இதைவிட நேரடியான செய்தி உலகத்திலேயே இல்லை என்று தோன்றியது. குழுவில் எழுதினேன்: "உறுதியான தகவல். குறைந்தது மூன்று ஹோட்டல்களில் ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டிரிப்பில் தங்கியிருப்பவர்கள் உடனே வெளியேறவும்."

'உறுதியான' என்ற சொல்லை நான் ஏன் போட்டேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். போலீஸ் வாயால் கேட்டதுதானே என்ற நினைப்பு. போலீஸ் அங்கே பேசிக்கொண்டது தங்களுக்கு வந்த அழைப்புகளைத்தான், கண்டதை அல்ல. விழா மைதானத்தில் இருந்து தப்பி ஓடியவர்கள் ரத்தத்தோடு பக்கத்து ஹோட்டல்களுக்குள் நுழைந்தார்கள். அங்கே இருந்தவர்கள் அலறி, அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தார்கள். ஒவ்வோர் அழைப்பும் புதிதாக ஒரு துப்பாக்கிக்காரன் முளைத்த மாதிரி பதிவானது. உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பிய எதிரொலி வேறு. கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஒரே மாடி. 11.20க்குப் போலீஸ் கதவை உடைத்து நுழைந்தபோது அவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்துக் கிடந்தான்.

இரண்டு நாள் முன்னால்தான் குழுவில் ஒரு கோயம்புத்தூர்க்காரரைச் சேர்த்திருந்தோம். ஃபீனிக்ஸில் வேலை. ஊரில் இருந்து வந்த அப்பா அம்மாவுக்கு வேகாஸைக் காட்டக் கூட்டி வந்தவர், சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்காகச் சேர்ந்தார். ஸ்டிரிப்பின் நடுவில் ஒரு ஹோட்டலில் 19ஆவது மாடி. கதவைப் பூட்டிக்கொண்டு பத்திரமாகத்தான் இருந்திருக்கிறார்கள். அறைக்குள்ளேயே இருங்கள் என்று ஹோட்டல்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். என் செய்தியைப் படித்ததும் லிஃப்டை நம்பாமல், அப்பா அம்மாவைக் கைத்தாங்கலாகப் படி வழியே இறக்கியிருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். கீழே கதவைத் தள்ளினால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்சந்து. திரும்பி உள்ளே போக முடியாது, அந்தக் கதவு வெளியில் இருந்து திறக்காது. அங்கே நின்றவர்கள் மேல் டார்ச் அடித்து, துப்பாக்கியை நீட்டி, கையைத் தூக்கச் சொன்னது போலீஸ். அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியவில்லை. மகன் கத்திய பிறகுதான் தூக்கினார்.

இது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அவரே ஃபோனில் சொன்னார், கோபமே இல்லாமல். "நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

என் செய்தி அன்றிரவே உலகத்தைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பியது. நம் ஊரில் அப்போது அக்டோபர் 2 காலை. காந்தி ஜெயந்தி, எல்லோரும் வீட்டில், எல்லா வீட்டிலும் டிவி. பாளையங்கோட்டையில் இருந்து அம்மா அழைத்தாள். "ஏலே, எங்க இருக்க? கதவச் சாத்தினியா? பிள்ள எங்க?" மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு பெரியம்மா, மாமா, ஒன்றுவிட்ட தங்கை, காலேஜ் நண்பர்கள். சென்னையில் இருக்கும் அத்தை மகன் ஒரு ஃபார்வர்டு அனுப்பி "இது உண்மையா அண்ணே?" என்றான். "லாஸ் வேகாஸில் வசிக்கும் தமிழர் ஒருவர் தரும் உறுதியான தகவல்: ஏழு ஹோட்டல்களில் தீவிரவாதிகள்." மூன்று ஏழாகியிருந்தது. ஆட்கள் தீவிரவாதிகளாகியிருந்தார்கள். 'உறுதியான' மட்டும் நான் போட்டபடியே இருந்தது.

இதில் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது ஆறுதலும் இல்லை. சம்பந்தமே இல்லாத வேறொரு ஆளைக் கொலையாளி என்று இணையத்தில் சிலர் கிளப்பிவிட, கூகுள் தேடலின் மேல் வரிசையிலேயே கொஞ்ச நேரம் அந்தப் பொய் நின்றது. மறுநாள் ஐஎஸ் அமைப்பு 'எங்கள் ஆள்தான்' என்று உரிமை கொண்டாடியது. எஃப்பிஐ அன்றே அதை மறுத்தது. பெரியம்மா வீட்டில் அந்த மறுப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

திங்கள் காலை ரத்த தானம் செய்யச் சொல்லி, உள்ளூர்ப் போலீஸின் தலைவரான ஷெரிஃப் ஜோ லொம்பார்டோ கேட்டார். விடியும் முன்பே வரிசை தெருவைத் தாண்டியது. நானும் போய் நின்றேன். அந்த வரிசையை நான் மறக்க மாட்டேன். ராத்திரி ஷிஃப்ட் முடித்து அதே சீருடையில் வந்த சீட்டாட்ட டீலர்கள், பச்சை குத்திய கழுத்துக்காரர்கள், கையில் ஜெபமாலையோடு ஒரு மெக்சிகன் பாட்டி. யாரோ பீட்சா பெட்டிகளை இறக்கினார்கள், யாரோ குடை கொடுத்தார்கள். வெயில் ஏறியதும் ஒருவர் வரிசை நெடுகத் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டே போனார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலு மணி நேரம் நின்று உள்ளே போனால், கேள்வித் தாளில் நர்ஸின் பேனா நின்றது. "கடந்த ஒரு வருடத்தில் இந்தியா போனீர்களா?" ஜூலையில் போயிருந்தேன். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தால் ஒரு வருடத்துக்கு ரத்தம் எடுக்க மாட்டார்கள், அதுதான் அன்றைய விதி. (2020இல் அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள்.) எங்கள் குழுவில் இருந்து போன ஒன்பது பேரில் ஆறு பேரை இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். என் இடத்தில் வேறொருவர் நின்றிருந்தால் அவருடைய ரத்தமாவது கிடைத்திருக்கும். இன்னொன்றும் அன்று நர்ஸ் சொல்லித்தான் புரிந்தது. இன்று எடுக்கும் ரத்தம் இன்று யாருக்கும் ஏறாது. சோதனை முடிய ஓரிரு நாள் ஆகும். ஞாயிறு ராத்திரி பிழைத்தவர்கள், அதற்கு முந்தின வாரங்களில் யாரோ சத்தமில்லாமல் கொடுத்து வைத்திருந்த ரத்தத்தில் பிழைத்தவர்கள். சிவப்பணுக்களை 42 நாள்தான் வைத்திருக்க முடியும் என்பதால், எல்லோரும் ஒரே நாளில் வந்து குவிவதைவிட நவம்பர் நடுவில் நாலு பேர் வந்தால் நல்லது என்றார். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறேன்.

பணம் கொடுக்கிற விஷயத்திலும் அதே அவசரம்தான். அந்த வாரம் நன்கொடை கேட்டு ஏகப்பட்ட பக்கங்கள் முளைத்தன. எது நிஜம் எது போலி என்று யாருக்குத் தெரியும்? குழுவில் வசூலித்த பணத்தை எங்கே போடுவது என்று சண்டையே வந்தது. மனைவி சொன்னபடி ஒரு வாரம் கையிலேயே வைத்திருந்து, மாவட்ட நிர்வாகத் தலைவர் ஸ்டீவ் சிசொலாக்கும் ஷெரிஃபும் சேர்ந்து ஆரம்பித்த நிதியில் போட்டோம். அதில் 3 கோடி டாலருக்கு மேல் சேர்ந்து, 2018இல் பாதிக்கப்பட்டவர்களுக்கே போனது. அந்த ஒரு வாரத் தாமதத்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஊர் அந்த நாட்களில் நடந்துகொண்ட விதம் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேகாஸ்காரர்கள் என்றால் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், வந்து போகிறவர்கள் என்று நானும் நினைத்தவன்தான். சார்ல்ஸ்டன் சாலையோரம் வெறும் மண்ணாகக் கிடந்த ஒரு மூலையை நாலைந்து நாளில் தோட்டமாக்கினார்கள். இறந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு மரம். பள்ளம் தோண்டப் போன இடத்தில் என் பக்கத்தில் மண்வெட்டி பிடித்தவர் ஒரு பிளம்பர். ஒவ்வொரு குழியிலும் இறங்கி நின்று ஆழம் பார்ப்பார், இடுப்புக்கு வரவில்லை என்றால் இன்னும் தோண்டு என்பார். நடுவில் ஒருமுறை குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தோண்டினோம். ஒவ்வோர் அக்டோபர் முதல் தேதியும் இரவு அங்கே பெயர்களை வாசிக்கிறார்கள்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

ஏன்? ஊரே அதைத்தான் கேட்டது. என்னிடம் கூடுதலாகக் கேட்டார்கள், ஏனென்றால் என் வேலை சூதாட்ட இயந்திரங்களின் மென்பொருளைச் சோதிப்பது. பேடக் பெரிய தொகை வைத்து, இயந்திரத்தில் ஆடும் சீட்டாட்டமான வீடியோ போக்கர் ஆடுகிறவன். "நிறைய விட்டுட்டானா? அந்தக் கடுப்பா?" என்று ஊரில் இருந்து அண்ணன்கூடக் கேட்டான். வீடியோ போக்கர் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு நெருடல் இருக்கும். காசினோவில் இருப்பதிலேயே நிதானமாகக் காசு போகும் ஆட்டங்களில் அது ஒன்று. நல்ல பரிசுப் பட்டியல் உள்ள இயந்திரத்தில் பிழையில்லாமல் ஆடினால் போட்டதில் சுமார் 99.5 சதவீதம் திரும்பும். கணக்குப் போடுகிறவர்கள் தேடிப் போய் உட்காரும் ஆட்டம். ஆனால் 2015 செப்டம்பருக்குப் பிறகு அவன் கணிசமான பணத்தை இழந்திருந்தான் என்று போலீஸே சொன்னது. கடன் பாக்கி எதையும் வைக்கவில்லை என்றும் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை எந்தப் பக்கமும் நகராது.

என் தொழிலில் ஒரு வசதி உண்டு. இயந்திரம் ஏதாவது கிறுக்குத்தனம் செய்தால், கடைசியாக ஆடிய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். எந்தச் சீட்டு வந்தது, எந்தப் பொத்தான் அமுங்கியது, எல்லாம் உள்ளே இருக்கும். விதியே அப்படி. அவன் மூளையை ஸ்டான்ஃபோர்டுக்கு அனுப்பிச் சோதித்தார்கள் என்று படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சொல்லிக்கொள்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

சுமார் 2,000 துப்புகள், 21,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோ என்று துழாவிவிட்டு, 2018 ஆகஸ்டில் காரணம் தெரியவில்லை என்று போலீஸ் கோப்பை மூடியது. 2019 ஜனவரியில் எஃப்பிஐயின் உளவியல் பிரிவு வந்து, தெளிவான ஒற்றைக் காரணம் என்று எதுவும் இல்லை என்றது. உடம்பும் மனமும் தளர்ந்துவந்த ஆள், தன் முடிவைத் தானே தீர்மானிக்க நினைத்திருக்கலாம், கெட்ட பெயராவது நிலைக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். அவன் அப்பா வங்கிக் கொள்ளைக்காரர், எஃப்பிஐ ஒரு காலத்தில் தேடியவர்கள் பட்டியலில் இருந்தவர். அவ்வளவுதான். 2023இல் வெளியான சில எஃப்பிஐ ஆவணங்களில், காசினோக்கள் முன்னைப் போல மரியாதை செய்யவில்லை என்ற எரிச்சல் அவனுக்கு இருந்ததாக அவனைத் தெரிந்த ஒரு சூதாடி சொல்லியிருந்தார். மறுபடியும் ஒரு வாரம் எல்லோரும் என்னைக் கேட்டார்கள்.

பதில் இல்லாத இடத்தை யாராவது நிரப்பிவிடுவார்கள். அதற்கு அதிகாரிகளும் வசதி செய்து கொடுத்தார்கள் என்பது என் கருத்து. கூட்டத்தைச் சுட்ட பிறகுதான் ஹோட்டல் காவலாளி காலில் சுடப்பட்டார் என்று முதலில் சொன்னது போலீஸ். அக்டோபர் 9ஆம் தேதி, இல்லை, ஆறு நிமிடம் முன்னாலேயே, 9.59க்கு என்றது. ஹோட்டல் நிர்வாகம் அதை மறுத்தது. 13ஆம் தேதி, சரி, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் என்றாகிவிட்டது. குழப்பத்தில் நேரக் கணக்கு தப்புவது இயல்பு. முதல் மூன்று நாளில் சொல்வது எல்லாம் வரைவுதான் என்று அன்றே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாததால், சித்தப்பா எனக்கு மாதக்கணக்கில் யூடியூப் வீடியோ அனுப்பினார். ஹெலிகாப்டரில் இருந்து சுட்டார்களாம், நாலாவது மாடியில் இன்னொருவனாம். குண்டடி பட்டுப் பிழைத்தவர்களுக்கே "நீ நடிகன், காசு வாங்கிக்கொண்டு நடிக்கிறாய்" என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். சித்தப்பாவிடம் முதலில் ஒவ்வொரு வீடியோவாக மறுத்துப் பார்த்தேன். ஒன்றை மறுத்தால் மூன்று வந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். வீடியோவைத் தொடுவதே இல்லை. "சித்தப்பா, அன்னைக்கு நான் அனுப்பின தப்பான செய்தி உங்களுக்கு வந்துச்சா?" என்று கேட்டு, கோயம்புத்தூர் அம்மா படியிறங்கிய கதையைச் சொன்னேன். நாலு நாள் எதுவும் வரவில்லை. பிறகு பழையபடி குட்மார்னிங் பூக்கள் வர ஆரம்பித்தன. எனக்கு அது போதும்.

எனக்குள்ள ஆத்திரம் வேறு. பதில் கிடைக்காத ஒரு கேள்வியை எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்ததில், பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள் பின்னால் போய்விட்டன. இருபதுக்கும் மேற்பட்ட பைகளை ஒருவன் பல நாளாக ஹோட்டல் ஆட்களின் உதவியோடேயே அறைக்கு ஏற்றியது எப்படி? அதற்குப் பதில் உண்டு. அவன் நன்கு செலவழிக்கும் விருந்தாளி, பையைத் திறந்து பார்க்கும் வழக்கமே இல்லை. இப்போது வேகாஸ் ஹோட்டல்கள் பலவற்றில், 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை நாள் கணக்கில் மாட்டி வைத்தால் தட்டிப் பார்க்கிறார்கள். இங்கே வரும் நம்மவர்கள் சிலர் அதற்கு முகம் சுளிக்கிறார்கள். கதவைத் திறந்து காட்டிவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

தானியங்கித் துப்பாக்கி இல்லாமலே அவ்வளவு வேகமாகச் சுட்டது எப்படி? அதற்கும் பதில் உண்டு. பம்ப் ஸ்டாக் என்று ஒரு பிளாஸ்டிக் பாகம். துப்பாக்கி பின்னால் உதைக்கும் விசையையே பயன்படுத்தி, அசையாமல் இருக்கும் விரலில் டிரிகரைத் திரும்பத் திரும்ப மோத வைக்கும். அதுவரை கடையில் சாதாரணமாக விற்ற பொருள். 2019 மார்ச்சில் நாடு முழுக்கத் தடை வந்தது. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அந்தத் தடையை ரத்து செய்தது. நெவாடாவில் மாநிலச் சட்டத்தின் தடை தனியாக இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இன்றும் புதுச் செய்தி. பேடக்கின் காதலி, பேடக்கின் அப்பா என்றால் எல்லோருக்கும் அத்துப்படி.

பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்டபோது, தங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று அறிவிக்கக் கோரி ஹோட்டலை நடத்தும் எம்ஜிஎம் நிறுவனமே 2018 ஜூலையில் அவர்கள் மேல் வழக்குப் போட்டது. குண்டடி பட்டவனுக்கு நோட்டீஸ். நாடே கொதித்தது. 2020இல் 80 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது. எதிர்ப்பு அந்த அளவுக்கு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

வீட்டுக்குள் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை மகள் கேட்டாள், ஏன் சுட்டான் என்று. "அவன் ஒரு பைத்தியம்மா" என்றேன். வாயில் வந்தது அதுதான். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். எங்கள் தெருவில் ஒரு வயதானவர் உண்டு. தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பார், யாரையும் ஒன்றும் செய்ய மாட்டார், ஹாலோவீனுக்கு முதல் ஆளாக மிட்டாய் கொடுப்பவர். அந்த அக்டோபர் கடைசியில் அவர் வீட்டு வாசலுக்குப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "அவரும் சுடுவாரா?" என்றாள். 'தெரியலை, போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று அன்றே சொல்லியிருந்தால் அவர் வாசலில் அப்படி நின்றிருக்க மாட்டாள். பிள்ளைகளுக்குத் 'தெரியலை' தாங்கும். தாங்காதது நமக்குத்தான்.

2023 டிசம்பர் 6ஆம் தேதி, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், இங்குள்ள நெவாடா பல்கலைக்கழக வளாகத்தில் துப்பாக்கிச் சூடு. மூன்று ஆசிரியர்கள் இறந்தார்கள். நம் பிள்ளைகள் பலர் படிக்கும் இடம். அதற்குள் நான்தான் குழுவின் நிர்வாகி ஆகியிருந்தேன், யாரும் ஏற்காத பதவி என்பதால். முதல் செய்தி வந்த உடனே, நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றினேன். எழுதியது மூன்றே வரி. பல்கலைக்கழகம் அனுப்பும் எச்சரிக்கையை மட்டும் பாருங்கள். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஃபோன் போடாதீர்கள், ஒளிந்திருக்கும் இடத்தில் மணியடித்தால் ஆபத்து. 'பத்திரமா?' என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பிவிட்டு, பதில் வந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஊரில் உள்ள உறவினர்களுக்கு ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒருவர் மட்டும் ஒரே ஒரு தகவல் அனுப்புவது என்று அதற்கு முந்தைய வருடமே பேசி வைத்திருந்தோம்.

சும்மா சொல்லக் கூடாது, திட்டும் வாங்கினேன். "வாயைக் கட்டிட்டீங்களே, எனக்கு ஒரு தகவல் தெரியும்" என்று ஒருவர் தனியாக அனுப்பினார். என்ன தகவல் என்றேன். இரண்டாவது ஆள் ஒருவன் மாணவர் சங்கக் கட்டடத்தில் இருக்கிறானாம், போலீஸ் வயர்லெஸ்ஸில் வந்ததாம். கொஞ்ச நேரத்தில் அது பொய் என்றானது. சுட்டவன் ஒரே ஆள், அவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. மாலை நாலு மணிக்குள் எங்கள் பட்டியலில் இருந்த பதினொரு பிள்ளைகளும் பதில் போட்டுவிட்டார்கள். கடைசியாகப் போட்டவன், ஃபோனில் சார்ஜ் இல்லை ஆன்ட்டி, பசிக்குது என்று எழுதியிருந்தான்.

மாண்டலே பேயின் 32ஆவது மாடி இப்போது இல்லை. 31 முதல் 34 வரை உள்ள மாடிகளுக்கு 56 முதல் 59 என்று எண் மாற்றிவிட்டார்கள். அந்தத் தங்க நிறக் கண்ணாடிச் சுவரில் கறுப்பாகத் திறந்து கிடந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டேதான் அந்த வாரம் வேலைக்குப் போனோம். பிறகு பலகை வைத்து மூடினார்கள், பிறகு கண்ணாடி மாற்றினார்கள். இப்போது எது என்று தெரியாது. என் மனைவிக்கு மட்டும் தெரியும், மேலிருந்து எண்ணுவாள்.

அன்றிரவு பாதியில் நின்ற கொலுப் பெட்டியை அந்த வாரக் கடைசியில்தான் கட்டினோம். காகிதம் தீர்ந்துபோய், மீதி பொம்மைகளை அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தித்தாளில் சுற்றினாள் மனைவி. பிறகு ஒவ்வொரு வருடமும் பிரிப்பதும், அதே தாளில் சுற்றுவதுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மாற்றலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தாள் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள்.

2024 நவராத்திரிக்கு நரசிம்மரைப் பிரித்தது மகள். பதினைந்து வயது. கசங்கிய தாளை முழங்காலில் வைத்து நீவி, நின்றபடியே படித்தாள். 58 என்று போட்டிருந்தது.

"அப்பா, கடைசியில ஏன்னு கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லம்மா."

"அப்போ என்னதான் கண்டுபிடிச்சாங்க?"

பைகளில் ஆரம்பித்தேன். பம்ப் ஸ்டாக் என்றால் என்ன என்று ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டினேன், நீதிமன்றம், நஷ்டஈடு, கதவு தட்டுவது எல்லாம். நடுநடுவே கேள்வி கேட்டாள், சிலவற்றுக்கு ஃபோனில் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது. முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் என் மனைவி கல்கி வரை படியேற்றிவிட்டு, நரசிம்மரைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.